கயிறு பிடித்தவரும் கைச்சாத்திட்டவரும்
மன்னார்க் கரையோரமும் போர்விமானங்களின் காற்பரிசோதனையும் – ஒரு வரலாற்று நோக்கு

மன்னார்க் குடாவின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் எவரும் முத்துக் குளித்தலை எழுதாது விட்டதில்லை. அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய கரையோர ஊர்களில், குளிப்புக் காலத்துச் சில வாரங்களுக்கு மட்டும் ஓலைக்கொட்டில்களாலான ஒரு நகரமே முளைத்து மறைந்ததையும், கீழக்கரை, காயல்பட்டினம், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளிகாரர் வந்து கூடியதையும் பலர் விரித்துரைத்துள்ளனர். ஆயின், கல்லின்மேற் காலூன்றி ஐந்து முதற் பத்துப் பாக ஆழத்துக்கு இறங்கியவனைப் பற்றி எழுதியோர், தோணியில் நின்று அவனுடைய கயிற்றைப் பிடித்திருந்தவனைப் பற்றி ஓரிரு வரிகளுடன் நிறுத்திக்கொண்டனர். மைத்துனனையே கயிறு பிடிக்க வைக்கவேண்டும் என்றொரு வழக்கு எமது கரையோர மக்களிடையே பேசப்பட்டு வருகின்றது. தன் சகோதரியின் தாலி அந்தக் கயிற்றிலே தொங்குகின்றது என்பதை அறிந்தவன் கவனம் பிசகமாட்டான் என்பது அதன் கருத்து. இறங்குபவன் துணிவுடையவனாக இருந்தாற் போதாது. மேலே நிற்பவன் நேர்மையுடையவனாகவும் இருத்தல் வேண்டும் என்பதை இதனிலும் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

இதே கரையோரத்தின் வானிலே, இருபதாம் நூற்றாண்டின் நாற்பதுகளில், வேறொரு வகைக் குளிகாரர் ஏறி இறங்கினர். அவர்கள் போர்விமானிகள். அவர்களுக்கும் கயிறு பிடித்தோர் இருந்தனர். விமானத்தின் கால்களையும் சில்லுகளையும் நாள்தோறும் தடவிப் பார்த்து, அளந்து, ஒரு படிவத்திலே கைச்சாத்திட்டு, 'இது இறங்கும். ஆகவே ஏறலாம்' என்று உறுதி கூறிய நிலத்துப் பணியாளரே அவர்கள். விமானிகளின் பெயர்கள் நூல்களில் உள்ளன. இவர்களுடைய பெயர்களோ பெரும்பாலும் இல்லை. இவ்விடைவெளியை ஓரளவேனும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் காலத்தையும் களத்தையும் வரையறுத்துக்கொள்வோம். 1942-ஆம் ஆண்டு பெப்ரவரியிலே சிங்கப்பூர் வீழ்ந்தபின், இந்து சமுத்திரத்திற் பிரித்தானியரின் முன்னரணாக இலங்கை மாறியது. மார்ச் மாதத்தில் 'இண்டொமிற்றபிள்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்துவந்த ஹரிக்கேன் விமானங்கள் இரத்மலானையிலும் திருகோணமலைச் சீனன்குடாவிலும் இறங்கின. ஏப்ரல் 5-ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9-ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கின. இவ்விரு தாக்குதல்களின் பின்னர் தீவெங்கும் விமானத்தளங்கள் பெருகின. மன்னாரைச் சூழ்ந்த பெருநிலத்திலே, தென்கிழக்கில் வவுனியாவில் விமானப்படையின் தளமும், தெற்கே குடாவின் கரையை அடுத்துப் புத்தளத்திற் கடற்படையின் விமானத்தளமும் இயங்கின. வவுனியாவிலிருந்து 89-ஆம் படைப்பிரிவின் போபைற்றர் என்னும் இரட்டைப்பொறி இராப் போர்விமானங்கள் பறந்தன. புத்தளத் தளத்துக்குக் கடற்படையினர் இட்ட பெயர் 'ராஜாளிய' என்பது. கழுகைக் குறிக்கும் இச்சிங்களச் சொல் நமது 'இராசாளி'க்கு உறவாதல் கவனிக்கத்தக்கது.

இனி, விமானத்தின் கால் என்பது யாது என்று நோக்குவோம். பறக்கும் பொழுதில் அது பயனற்ற சுமை. காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். ஆகவேதான் 1930-களில் அதனை இறக்கைக்குள்ளே மடக்கிக்கொள்ளும் முறை போர்விமானங்களிற் பரவியது. ஆயின், மடக்கப்படும் கால் மீண்டும் விரிந்தாக வேண்டும். விரிந்தபின் பூட்டிக்கொள்ளவும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும், ஏறத்தாழ மூன்றரைத் தொன் எடையுள்ள ஹரிக்கேன் வயிற்றாலே தரையைத் தேய்த்து நிற்கும். அல்லது ஒருபுறம் சரிந்து சுழலும். நிலையாக நின்ற காலோடு பறந்த பழைய விமானங்களுக்கு இவ்வச்சம் இருக்கவில்லை. வேகத்தை வேண்டிப் பெற்ற மனிதன் அதனோடு ஓர் ஐயத்தையும் பெற்றான் எனலாம். அவ்வையத்தை நாள்தோறும் போக்குவதே பரிசோதனையின் பணி.

காலின் உள்ளமைப்பு எளிமையானது; ஆயினும் நுட்பமானது. ஓர் உருளைக்குள் மற்றோர் உருளை முசலம்போல் ஏறி இறங்கும். உள்ளே எண்ணெயும் அமுக்கப்பட்ட காற்றும் இருக்கும். சில்லு நிலத்தில் மோதும்போது, எண்ணெய் சிறு துளையினூடாக நெருக்குண்டு செல்லும், காற்று சுருங்கும். மோதலின் வலு இவ்வாறு தணிக்கப்படும். காற்றழுத்தம் குறைந்தாற் கால் முழுதும் அமிழ்ந்து உலோகம் உலோகத்தோடு மோதும். அளவுக்கு மிஞ்சினால் விமானம் பந்துபோல் துள்ளும். ஆகவே, விமானம் தரையில் நிற்கும்போது உள்ளுருளையின் பளபளப்பான பகுதி எவ்வளவு வெளியே தெரிகின்றது என்று அளத்தல் பரிசோதனையின் முதற்படியாகும். எண்ணெய்க் கசிவு உண்டா, பளபளப்பான மேற்பரப்பிற் கீறல் உண்டா, அதிலே ஒட்டிய மணல் முத்திரை வளையத்தை அரித்துள்ளதா என்பன அடுத்துப் பார்க்கப்படும். ரயரிலும் சில்லின் விளிம்பிலும் ஒரே நேர்கோட்டில் வர்ணக் குறி இடப்பட்டிருக்கும். அக்குறிகள் விலகியிருந்தால் ரயர் சில்லின்மேல் வழுக்கியுள்ளது என்பது பொருள். அவ்வாறாயின் உட்குழாயின் காற்றுவாய் அறுந்துபோகக்கூடும். இரண்டு வர்ணக் கோடுகள் சொல்லும் செய்தியிலே ஒரு விமானியின் உயிர் தங்கியிருந்தது.

குறித்த கால இடைவெளிகளில் இதனிலும் விரிவான சோதனை நிகழும். விமானத்தைத் தாங்குகால்களின்மேல் உயர்த்தி, கால்களை மீண்டும் மீண்டும் மடக்கி விரிப்பர். மேற்பூட்டு விடுபடுகின்றதா, கீழ்ப்பூட்டு விழுகின்றதா, விமானியின் முன்னுள்ள விளக்குக் குறிகாட்டி உண்மையே சொல்லுகின்றதா என்று நோக்குவர். எண்ணெய் அமுக்கம் அற்றுப்போனாற் பயன்படும் மாற்றுவழியும் இச்சோதனைக்கு உட்பட்டது. ஹரிக்கேனில் விமானி காலால் ஒரு மிதியை அழுத்தினாற் பூட்டு விடுபட்டு, சில்லுகள் தம் எடையாலேயே கீழே விழும். ஸ்பிற்பயரில், குப்பியில் அடைக்கப்பட்ட கரியமிலவாயு கால்களைக் கீழே தள்ளும். ஹரிக்கேனின் கால்கள் உட்புறமாக மடிவன. ஆதலால் விரிந்து நிற்கையிற் சில்லுகளுக்கிடையே அகலம் மிகுதி. ஸ்பிற்பயரின் கால்கள் வெளிப்புறமாக மடிவன. நிற்கையில் இடைவெளி குறுகியது. கரடான தளங்களில் ஹரிக்கேன் உறுதியாக இறங்கியமைக்கு இவ்வேறுபாடு ஒரு காரணமாகும்.

இவை யாவும் முடிந்தபின்னரே பிரித்தானிய விமானப்படையின் 700-ஆம் எண் படிவம் வரும். பொறியைப் பார்த்தவர், உடலையும் கால்களையும் பார்த்தவர், மின்னமைப்பைப் பார்த்தவர், படைக்கலங்களைப் பார்த்தவர் எனத் தத்தம் துறைக்கு ஒவ்வொருவரும் கைச்சாத்திடுவர். இறுதியாக விமானி அதைப் பார்த்துத் தானும் கைச்சாத்திட்டு விமானத்தைப் பொறுப்பேற்பான். இப்படிவத்தை வெறும் அலுவலகச் சடங்காகக் கொள்ளலாகாது. யார் பார்த்தார், எப்பொழுது பார்த்தார், என்ன கண்டார் என்பவற்றுக்கு ஒரு மனிதனைப் பொறுப்பாக்கும் கருவி அது. நன்றாயிருக்கின்றது என்று பொதுவாகக் கூறுதல் எளிது. நான் பார்த்தேன் என்று பெயர் எழுதுதல் கடினம். கயிற்றை மைத்துனனின் கையிற் கொடுத்த எமது முன்னோர் உறவினாற் பெற்ற உறுதியை, பல நாட்டாரும் முன்பின் அறியாதாரும் ஒன்றாகப் பணிபுரிந்த படைத்தளம் கைச்சாத்தினாற் பெற முயன்றது என்று கூறுதல் மிகையாகாது.

1942 ஏப்ரல் 5-ஆம் திகதியின் நிகழ்ச்சி இதற்குச் சான்றாகும். அன்று காலை யப்பானிய விமானங்கள் இரத்மலானைக்கு மேலே தோன்றியபோது, அங்கிருந்த ஹரிக்கேன்கள் இன்னும் நிலத்திலேயே இருந்தன. விமானிகள் ஓடிச்சென்று ஏறித் தாக்குதலின் நடுவிலேயே மேலெழுந்தனர். அத்தகைய நிமிடங்களில் எவரும் காலை அளந்து பார்ப்பதில்லை. ரயர்க் குறிகளைக் குனிந்து நோக்குவதில்லை. அதற்கு முன்னரே, அமைதியான பொழுதில், யாரும் பார்த்திராத வேளையில் ஒருவர் செய்துவைத்த வேலையை நம்பியே அவர்கள் ஏறினர். வீரம் வெளிப்படும் கணத்துக்கு முன்பே பரிசோதனை முடிந்திருக்கவேண்டும் என்பதனாலேயே வரலாற்றின் கண்ணுக்கு அது தென்படாமற் போகின்றது.

கடற்கரைத் தளங்களில் இப்பணி மேலும் கடினமானது. மன்னாரிலும் புத்தளத்திலும் வளர்ந்தோருக்கு உப்புக்காற்றின் இயல்பைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. கதவுப் பிணைச்சல், துவிச்சக்கரவண்டிச் சங்கிலி, கிணற்றுக் கப்பி ஆகிய எதனையும் அது விட்டுவைப்பதில்லை. விமானத்தின் சில்லுகளும் சில வார்ப்பு உறுப்புகளும் எடை குறைவதற்காக மக்னீசியக் கலப்புலோகத்தாற் செய்யப்பட்டன. உப்பீரம் மிக விரைவாக அரிக்கும் உலோகங்களுள் மக்னீசியம் ஒன்று. மேலே பூசிய வர்ணம் ஓரிடத்திற் பெயர்ந்தாற் போதும். உள்ளே வெண்பொடி படியத் தொடங்கும். வடகீழ்ப் பருவக்காற்றின் மழையோ நிலத்தைச் சேறாக்கும். சேறு காலின் மூட்டுகளிற் புகும். பின்னர் வரும் வரட்சியில் அது மணலாகிப் பூட்டை இறுக்கும். ஐரோப்பாவின் புற்றரைத் தளங்களை எண்ணி எழுதப்பட்ட பராமரிப்பு விதிகளை, இங்கே கழுவுதலாலும் மசகிடுதலாலும் கூடுதல் விழிப்பினாலும் நிரப்பவேண்டியிருந்தது.

புத்தளத் தளத்தைப் பற்றிய நினைவுகளிற் பெரிதும் அறியப்பட்டது ஒரு நிழற்படமாகும். கோர்செயர் என்னும் அமெரிக்கத் தயாரிப்புப் போர்விமானத்தை ஒரு யானை இழுத்துச் செல்லும் காட்சி அது. கீழைத்தேயத்தின் விந்தையாக மேலைநாட்டார் அப்படத்தை இரசித்தனர். நாமோ அதிலே வேறொன்றைக் காணலாம். ஏறத்தாழ ஐந்தரைத் தொன் எடையுள்ள பொறியும் யானையும் ஒரு வடத்தினாற் பிணைக்கப்பட்டுள்ளன. யானையின் பலத்தை அறிந்தவன் பாகன்; காலின் பலத்தை அறிந்தவன் பொறிவினைஞன். இவ்விருவரும் ஒருவரையொருவர் நம்பியே அப்பொறியை நகர்த்தியிருத்தல் வேண்டும். காலை எந்தத் திசையில் இழுக்கலாம், எத்திசையில் இழுத்தால் அது முறுகும் என்பதை யானைக்கு எந்தப் பராமரிப்பு நூலும் கற்பிப்பதில்லை.

கோர்செயரின் காலே தனியொரு வரலாறு கொண்டது. அவ்விமானத்தின் முன்விசிறி ஏறத்தாழ நான்கு மீற்றர் விட்டமுடையது. அது நிலத்தைத் தொடாதிருக்க நெடிய கால்கள் தேவைப்பட்டன. நெடிய கால்களோ வலுக்குறைந்தன. இதற்குத் தீர்வாக, இறக்கையையே கடற்பறவையின் சிறகுபோற் கீழே வளைத்து, அவ்வளைவின் அடியிற் குறுகிய கால்களைப் பொருத்தினர். கால்கள் பின்னோக்கி மடிகையிற் சில்லுகள் திரும்பி இறக்கைக்குள்ளே தட்டையாகப் படுத்துக்கொள்ளும். செங்குத்தாகப் பாய்கையில் வேகத்தைக் கட்டுப்படுத்தவும் இக்கால்களை விரித்துப் பயன்படுத்தினர். எனினும், தொடக்கத்தில் இவற்றின் விறைப்பு மிகுதியாயிருந்தமையாற் கப்பலின் தளத்தில் இறங்கும்போது விமானம் துள்ளியது; துள்ளிய விமானம் தடுப்புக் கம்பிகளைத் தவறவிடும் ஆபத்து இருந்தது. பின்னர் காலின் உள்ளமைப்பிற் செய்த திருத்தத்தினால் இக்குறை தணிந்தது. 1944 ஏப்ரல் 19-ஆம் திகதி சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கிய 'இலஸ்ற்றியஸ்' கப்பலின் கோர்செயர்கள், திருகோணமலையைத் தளமாகக் கொண்டு புறப்பட்டவையே. அவற்றை வழியனுப்பிய கைகள் முதலிற் பார்த்தது அத்துள்ளும் கால்களையே என்று கருதுதல் பொருந்தும்.

போர் முடிந்தது, தளங்கள் ஒடுங்கின, விமானங்கள் பெரும்பாலும் உடைத்து ஒழிக்கப்பட்டன. எஞ்சியவை பழம்பொருள்களாயின. 1951-இல் தோன்றிய இலங்கை விமானப்படையின் வரலாற்றிலும் இவ்வாறு ஓய்வுபெற்ற பொறிகள் உள. 1971-இற் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த மிக்-17 போர்விமானத்தை இன்று இரத்மலானை அரும்பொருட்சாலையிற் காணலாம். அதன் கால்கள் இனித் தன் எடையை மட்டுமே தாங்கவேண்டும். ஆயின், பிரித்தானியா, அமெரிக்கா முதலிய நாடுகளிற் பழைய போர்விமானங்கள் பல இன்றும் பறக்கவைக்கப்படுகின்றன. பிரித்தானிய விமானப்படை இதற்கெனவே 1957-இல் ஒரு நினைவுப் பிரிவைத் தொடங்கியது. ஹரிக்கேனும் ஸ்பிற்பயரும் அதிலே உள்ளன. இங்குதான் காற்பரிசோதனை புதியதொரு பொருள் பெறுகின்றது.

போர்க்காலத்தில் ஒரு போர்விமானம் சில மாதங்கள் பிழைத்தாலே பெரிது. அதன் உறுப்புகள் எண்பது ஆண்டுகள் உழைக்கும் என்று அவற்றை வரைந்தவர் எண்ணியிருக்கமாட்டார். ஆகவே அன்றைய வினைஞர் தேய்வையும் கசிவையும் தேடினர். இன்றைய பரிசோதகரோ முதுமையையே தேடவேண்டியுள்ளது. மீண்டும் மீண்டும் ஏறும் சுமையால் உருக்கிலே கண்ணுக்குத் தெரியாத மயிர்வெடிப்புகள் தோன்றும். இதனை உலோகக் களைப்பு என்பர். முலாம் பூசும்போது உட்புகும் ஐதரசன் வலிய உருக்கையும் நொறுங்கச் செய்யும். இவற்றைக் காண்பதற்கு உறுப்பைக் காந்தமாக்கி அதன்மேல் இரும்புத்துகளைத் தூவுவர். துகள் வெடிப்பின் வழியே கோடாகத் திரளும். காந்தமாகாத உலோகங்களின்மேல் ஊடுருவும் சாயத்தைத் தடவித் துடைப்பர். வெடிப்புக்குள் தங்கிய சாயம் பின்னர் வெளிவந்து அதனைக் காட்டிக்கொடுக்கும். கழியொலி அலைகளையும் ஊடுகதிர்களையும் பயன்படுத்துவதும் உண்டு.

மேலும் ஓர் உண்மை ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. பறவாதிருத்தலும் ஒரு தேய்வே. இறப்பர் வளையங்கள் பறந்த மணித்தியாலங்களைக் கணக்கிடுவதில்லை. கழிந்த ஆண்டுகளையே கணக்கிடுகின்றன. கொட்டகையிற் பத்திரமாக நின்ற விமானத்தின் முத்திரைகள் உலர்ந்து வெடிக்கலாம். எண்ணெயில் ஈரம் சேரலாம். அசையாத மூட்டு இறுகலாம். எனவே பழைய விமானங்களுக்குப் பறப்பு மணித்தியாலக் கணக்கோடு நாட்காட்டிக் கணக்கும் விதிக்கப்படுகின்றது. மாற்றுறுப்புகளை ஆக்கிய தொழிற்சாலைகள் பல இன்று இல்லை. புதிதாகச் செய்தால், எந்த உருக்கு, எவர் செய்தார், எவர் சோதித்தார் என்பதற்கெல்லாம் எழுத்துச் சான்று வேண்டும். 700-ஆம் படிவத்தின் கேள்வியே இங்கு மீண்டும் வேறு உருவிற் கேட்கப்படுகின்றது.

2017 மே 27-ஆம் திகதி இங்கிலாந்தின் யோவில்ற்றன் தளத்தில் நிகழ்ந்ததை இதற்கு எடுத்துக்காட்டலாம். அன்று பறக்கும் நிலையில் எஞ்சியிருந்த ஒரேயொரு சீ விக்சன் கடற்படைப் போர்விமானம், எண்ணெய் அமுக்கத் தொகுதி செயலிழந்தமையாற் கால்களை விரிக்கமுடியாது வயிற்றால் இறங்கியது. விமானி உயிர் தப்பினார். விமானமோ மீண்டும் வானேறவில்லை. அன்புடன் பேணப்பட்ட பொறியிற்கூட இத்தகைய நிலை தோன்றலாம் என்பது இதன் பாடம். 2015 ஆகஸ்ற் 22-இல் சோரம் விமானக் கண்காட்சியில் ஒரு பழைய ஹன்ரர் ஜெற் விமானம் வீதியில் வீழ்ந்து பதினொருவர் இறந்தனர். அவ்விபத்துக்குக் கால்கள் காரணமல்ல. ஆயினும் அதன்பின் பழைய ஜெற் விமானங்கள் யாவற்றின் மீதும் கண்காணிப்பு இறுகியது. இறந்தவர்கள் வீதியிலே இருந்தவர்கள். பழமையின்மீது கொண்ட காதலின் விலையை, அக்காதலில் எப்பங்கும் இல்லாதவர் செலுத்துதல் நீதியாகாது.

பழமையைப் போற்றுதல் வேறு; பழமையை நம்பி ஏறுதல் வேறு. முன்னதற்கு அன்பு போதும். பின்னதற்குப் பரிசோதனை வேண்டும். அரிப்பிலே, ஆளுநர் நோர்த் 1801-க்கும் 1804-க்கும் இடையிற் கட்டுவித்த மாளிகையின் எச்சம் கடலோரத்திற் சிதைந்து நிற்கின்றது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யவென எழுந்த கட்டடம் அது. மேலிருந்து மேற்பார்த்தவரின் பெயர் எமக்குத் தெரியும். தோணியிற் கயிறு பிடித்தவரின் பெயர்கள் தெரியா. புத்தளத்து யானைப்பாகரின் பெயரும், வவுனியாவில் நள்ளிரவிற் கைவிளக்கோடு சில்லடியிற் குனிந்தவரின் பெயரும் அவ்வாறே மறைந்து வருகின்றன. இத்தளங்களில் வேலைசெய்த உள்ளூரவரின் நினைவுகள் அவர்தம் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் இன்னும் எஞ்சியிருக்கக்கூடும். அவற்றைக் கேட்டு எழுதிவைத்தல், இக்கரையோரத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவராகிய எம்போன்றோரின் கடமையாகும்.

வரலாற்று மாணவனின் தொழிலும் ஒருவகைக் காற்பரிசோதனையே. வழிவழி வந்த செய்தி பளபளப்பாக இருக்கின்றது என்பதற்காக அதன்மேல் எடையை ஏற்றிவிட முடியாது. எங்கே வெடிப்பு உள்ளது, எங்கே சான்று வழுக்கியுள்ளது, யார் பார்த்து யார் எழுதினார் என்று குனிந்து நோக்கவேண்டும். நோக்கியபின் தன் பெயரை அதன் கீழே எழுதத் துணியவும் வேண்டும். மேலே பறப்பவர் பலராகலாம். அவர்கள் பத்திரமாகத் திரும்பி இறங்குவது, கீழே நிற்பவர் தம் கைச்சாத்தை எவ்வளவு பெறுமதியுடையதாகக் கருதுகின்றனர் என்பதையே பொறுத்தது.